புளி போட்டு மினுக்கிய முகல்லாக் காசுகள்

நம்மவர் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் பழங்காசுத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். டொக்டர், இஞ்சினியர் எல்லாம் அலுத்துப்போய்விட்டது போலும். சந்தோஷம். காசை எப்படிப் பார்ப்பது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. நீங்கள் இப்போது ஒரு சல்லியைத் திரையில் தோசைக்கல் அளவுக்குப் பெருப்பித்துப் பார்க்கிறீர்கள். எங்களுக்கு ஒரு லென்ஸும் ஒரு மேசை விளக்கும்தான். நான் சொல்ல வருவது, பார்த்து முடித்த பிறகு வாயைத் திறப்பது பற்றி. கண் பிழைத்ததால் இந்தத் தொழிலில் வந்த கேடு கொஞ்சம். கண் சரியாகக் கண்டதை வாய் மழுப்பியதால் வந்த கேடுதான் அதிகம்.

நான் மொன்றியலுக்கு வந்த புதிதில் டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் கணவரோடு சில வருடம் வளைகுடாவில் இருந்தேன். அங்கே பொழுது போகாமல் அரபு எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினேன். ஊரில் வரலாறு படித்தவள் என்ற தகுதியோடு இந்த எழுத்தும் சேர்ந்து, நகரின் நடுவில் பழங்காசு ஏலம் போடும் ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. முதலாளியின் பெயர் வேண்டாம். பெயர் போட்டால் அவருக்குக் கோபம் வரும், இப்போதும் வரும். கியூபெக்காரர், மெலிந்த மனிதர், தேநீரைக் குடிக்காமல் ஆறவைப்பதற்கென்றே போடுவார்.

அவருடைய மேசையில் மூன்று தட்டுகள் இருக்கும். ஒன்று உண்மை, ஒன்று போலி, மற்றது தெரியாது. முதல் குளிர்காலத்தில் ஒரு வாரம் முழுக்க நான் மூன்றாம் தட்டில் ஒரு காசும் போடவில்லை. எனக்கு அது பெரிய பெருமை. வெள்ளிக்கிழமை அவர் வந்து பார்த்தார், மூன்று தட்டையும் ஒரே பெட்டியில் கொட்டிக் கலக்கிவிட்டார். ஒருத்தருக்கு ஒரு வாரம் முழுக்க எல்லாம் தெரிந்திருந்தால் அவர் பார்க்கவில்லை, ஊகிக்கிறார் என்றார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு என் மூன்றாம் தட்டு ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. 'தெரியாது' என்று எழுதக் கூச்சப்படுகிறவர் இந்த வேலைக்கு வரவேண்டாம்.

இனிப் பிலோமினா அக்காவின் கதை. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. பிலோமினா அக்கா மன்னார்க்காரி, நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்தார், கணவர் சூசை அண்ணை இறந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, இவர் சேர்த்துவைத்த காசு கொஞ்சம் இருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். போனேன். மாதா சுருவத்துக்குக் கீழே இருந்த அலுமாரியிலிருந்து ஒரு பால்மாத் தகரப் பேணியை எடுத்தார். உள்ளே முப்பது சொச்சம் செப்புக்காசு, எல்லாம் கறுத்து, பச்சைக் களிம்பு ஏறி, பார்க்கச் சகிக்காத நிலையில்.

சூசை அண்ணை கப்பலில் இயந்திரப் பகுதியில் வேலை செய்தவர். அவருடைய கப்பல் அடிக்கடி தென் அரேபியாவில் முகல்லாத் துறைமுகத்துக்குப் போகும். ஒரு காலத்தில் அந்தக் கரையை ஒரு சிறிய சுல்தான் குடும்பம் ஆண்டது. ஆட்சி சிறிது, காசு தட்டுப்பாடு. அதனால் இந்தியாவிலிருந்து கப்பலோடு வந்திறங்கிய காலணாக் காசுகளின் மேல் தங்கள் முத்திரையை இன்னொரு தடவை குத்தி, இது எங்கள் ஊரில் செல்லும் என்று விட்டார்கள். இதற்கு மேல்முத்திரை என்று பெயர். விக்டோரியா ராணியின் முகத்தில் அரபு எழுத்துக் குத்திய காசு அப்படி வந்ததுதான். சூசை அண்ணை கரையில் இறங்கும் போதெல்லாம் மற்றவர்கள் வாசனைப் போத்தலும் துணியும் வாங்க, இவர் கடைத்தெருவில் இந்தச் செம்பைப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அக்காவுக்கு விற்கும் எண்ணம் இல்லை. நகரத்து அருங்காட்சியகம் ஒன்று இந்துசமுத்திரக் கரைகளின் காசுகளை வைத்து ஒரு காட்சி தயாரிக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இவற்றை அன்பளிப்பாகக் கொடுத்துக் கணவர் பெயரைப் போடவேண்டும். ஏன் என்று கேட்டேன். பேணியின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். சூசை அண்ணையின் தம்பி மரியதாஸ், செத்தவீட்டுச் சாப்பாட்டின்போது தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால், அண்ணன் ஆயுள் முழுக்கச் சேர்த்தது அரபிக்காரன் ஏமாற்றிக் கொடுத்த கள்ளக்காசு என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அதற்குப் பிறகு பூசைக்குப் போனால் யாராவது ஒருவர் அந்தப் பேச்சை எடுக்கிறார்களாம்.

"எனக்கு ஒண்டும் வேண்டாம் தங்கச்சி. அந்த மனிசன் விசரன், ஏமாளி இல்லையெண்டு ஒருத்தர் எழுதி வைச்சாக் காணும்."

அன்றைக்கே எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. மேல்முத்திரைக் காசில் கள்ளம் செய்வது மிகச் சுலபம். பழைய காலணா அள்ளக் கிடைக்கும். ஒரு இரும்புக் குச்சியில் எழுத்தைச் செதுக்கி அதன்மேல் ஒரு குத்துக் குத்தினால் அரிய காசு தயார். துறைமுகத்தில் வந்து இறங்கும் மாலுமிகளை நம்பி இந்தக் கைத்தொழில் நன்றாகவே நடந்திருக்கிறது. இவற்றில் எது நல்லது, எது கள்ளம் என்று சொல்லத் துணையாக இருந்தது அந்தக் கறுப்பும் களிம்பும்தான். காசின் மேலும் முத்திரைக்குள்ளும் ஒரே படலம் ஒரே மாதிரி ஏறியிருந்தால் நல்ல சகுனம். வீட்டு வெளிச்சத்தில் அதைத் தீர்க்கமுடியாது. படம் எடுத்துக்கொண்டு, காசுகளை எங்கள் ஏலக் கந்தோருக்குக் கொண்டுவரும்படி சொன்னேன். தேதி நிச்சயமாகும்வரை அவர் வைத்த இடத்திலேயே இருக்கட்டும் என்று அக்கா பேணியைத் தரவில்லை.

அருங்காட்சியகக் காப்பாளர் ஒரு பெண். நேர்மையானவர், சுருக்கமாகப் பேசுகிறவர். நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, சில முத்திரைகள் அளவுக்கு மீறித் துலக்கமாக இருக்கின்றன, எனக்குச் சந்தேகம் என்று எழுதினார். ஆனாலும் நேரில் வந்து படலத்தைப் பார்த்து முடிவு செய்கிறேன் என்றார். காட்சிக்கான பொருட்களின் பட்டியலை அவர் வரும் நாள் மாலைக்குள் தன் நிர்வாகக் குழுவிடம் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு கதவு மூடிவிடும்.

குறித்த நாளில் அக்கா நல்ல சேலை கட்டி, பேருந்தும் மெற்றோவும் மாறி, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். காப்பாளர் இருந்தார், முதலாளி இருந்தார், நான் இருந்தேன். அக்கா வெள்ளைத் துவாயை மேசையில் விரித்தார். முப்பது சொச்சம் காசும் அதில் கலியாணவீட்டுச் செம்பு மாதிரிப் பளபளத்தன. ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. ஒரு பொட்டுக் களிம்பு இல்லை.

"புளியும் உப்பும் போட்டு ஊறவிட்டு நல்லா மினுக்கிப்போட்டன்," என்றார் என்னைப் பார்த்து, பாராட்டை எதிர்பார்த்து. "பெரிய ஆக்கள் பாக்க வருகினம், ஊத்தையாக் குடுக்கேலுமே?"

இந்த ஊரில் வினாகிரியில் ஊறப்போட்டுக் கொண்டு வருகிறவர்களைக் கண்டிருக்கிறேன், பல் விளக்கும் பசையால் தேய்த்தவரையும் கண்டிருக்கிறேன். ஆனால் புளிக்கு நிகர் ஒன்றும் கிடையாது. பெருநாளுக்கு மாதாவின் குத்துவிளக்கை மினுக்கிய கை, விருந்தாளிக்குக் காட்டும் பொருளை மினுக்காமல் விடுமா? நம்முடைய வீடுகளில் எந்த மனுசியும் செய்திருப்பார். அக்கா மரியாதைக்காகச் செய்தார், அந்த மரியாதையில் சாட்சி முழுவதும் கழுவுதொட்டியில் போய்விட்டது.

காப்பாளர் இரண்டு காசைத் தூக்கிப் பார்த்துவிட்டு லென்ஸை மூடினார். மன்னிக்கவும், இதில் நான் பார்க்க வந்தது இல்லை என்றார். முதலாளி பிரெஞ்சில் என்னிடம், மரியாதையாக முடித்துவிடு, புண்படாமல் ஏதாவது சொல்லி அனுப்பு என்றார். அக்காவுக்குப் பிரெஞ்சு 'பொன்ஜூர்', 'மெர்சி'யோடு சரி. எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, வீட்டிலும் அதற்குப் பெயர் போனவள். பார்க்க வந்தது இல்லை என்றால், இருப்பது என்ன என்று பார்க்காமல் அனுப்பமாட்டேன் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். காப்பாளரிடம் மதியச் சாப்பாட்டு நேரத்தை மட்டும் கேட்டேன். நீங்கள் கீழே போய்ச் சாப்பிட்டு வாருங்கள், வந்த பிறகும் உங்களுக்கு இதே எண்ணம் என்றால் நானே துவாயில் சுற்றி அக்காவிடம் கொடுக்கிறேன் என்றேன். முதலாளி தோளைக் குலுக்கினார். அவர் தோளைக் குலுக்கினால் சம்மதம் என்று அர்த்தம்.

அக்காவை ஒரு கதிரையில் இருத்தித் தேநீர் கொடுத்துவிட்டு விளக்கை இழுத்தேன். இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். இல்லாமல் போன படலத்தை நினைத்து அழுதுகொண்டிருந்தால் கண் எதையும் பார்க்காது. அது போய்விட்டது, முடிந்தது. முன்னால் இருப்பது உரித்த செம்பு. உரித்த செம்பில் என்ன தெரியும்? முதல் சில காசுகளில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒன்றில் கண்டேன். காசு முழுவதும் அம்மைத் தழும்பு மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள்.

உப்புக்காற்றில் நெடுங்காலம் கிடந்த செம்பு அரிக்கும். அந்த அரிப்பு விட்ட குழிகள்தான் இவை. இவ்வளவு நாளும் களிம்பு இவற்றை நிரப்பி மூடியிருந்தது. புளி அதைத் துப்புரவாகத் தோண்டி எடுத்துவிட்டது. முத்திரை அந்தக் காலத்தில் குத்தியதென்றால், அரிப்பு அதற்குப் பிறகு வந்தது. ஆகவே குழிகள் ராணியின் கன்னத்திலிருந்து முத்திரைக்குள் இறங்கி, அரபு எழுத்தின் மேலும் ஏறிப் போகும். நேற்றுக் குத்திய கள்ள முத்திரை என்றால், குழி விழுந்த பழங்காசின் மேல்தான் குத்தியிருப்பார்கள். அந்தக் குத்து குழிகளை நசுக்கிவிடும். முத்திரையின் விளிம்போடு தழும்பு நின்றுவிடும், உள்ளே வழுவழுப்பாக இருக்கும்.

அக்காவின் புளி ஒரு சாட்சியைக் கொன்று இன்னொரு சாட்சியை எழுப்பியிருந்தது. எனக்குச் சரியான சந்தோஷம். ஆனால் சந்தோஷத்தோடு காசு பார்க்கக்கூடாது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, ஒவ்வொன்றாக மூன்று தட்டில் பிரித்தேன். உண்மைத் தட்டு நிரம்பியது. ஒரு காசு தெரியாது. நாலு காசு போலி.

அந்த நாலில் ஒன்று பெரிய காசு. அக்கா அதை மட்டும் தனியாக ஒரு கைலேஞ்சித் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சூசை அண்ணை தன் கடைசிப் பயணத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து வாங்கியதாம். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் எல்லாருக்கும் காட்டுவாராம். பங்கில் அதைத் தொட்டுப் பார்க்காத ஆள் இல்லை. அதன் முத்திரை மிக அழகு. உள்ளே ஒரு குழியும் இல்லை.

காப்பாளர் திரும்பி வந்ததும் நான் முடிவைச் சொல்லவில்லை. மூன்று தட்டையும் மறுபடி ஒன்றாகக் கொட்டினேன். ஒரு நல்ல காசையும் ஒரு கள்ளக்காசையும் மட்டும் அவர் கையில் கொடுத்து, முத்திரையின் விளிம்பைப் பாருங்கள் என்றேன். பார்த்தார். திரும்பப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே பிரிக்கத் தொடங்கினார். நான் ஜன்னலோரம் போய் நின்றேன். அவர் பிரித்து முடித்தபோது அவருடைய தட்டுகளும் என்னுடைய தட்டுகளும் ஒன்றாக இருந்தன, அந்தத் தெரியாத ஒன்று உட்பட. நல்லவை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன், கழுவியது கழுவியதுதான், ஆனால் இவை முகல்லாவில் புழங்கிய காசுகள், அதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். பெரிய காசு மேசையில் கிடந்தது. காப்பாளர், போலியைக் காட்சியில் வைப்பதில்லை, அந்த நாலையும் அம்மாவே வீட்டுக்கு எடுத்துப் போகட்டும் என்றார். முதலாளி என் பக்கம் குனிந்தார். இடம் போதாது என்று சொல், பெரிய காசைத் தன் ஞாபகத்துக்கு வைத்திருக்கட்டும் என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. விதவைக்கு இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

இரண்டு பேர் பேசுவதை மூன்றாமவருக்கு நீங்கள் மொழிபெயர்க்கும்போது உங்கள் கையில் ஒரு அதிகாரம் இருக்கிறது. யாரும் உங்களைப் பிடிக்கமுடியாது. நான் ஒரு இனிப்பான வசனம் சொன்னால் அக்கா சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஆனால் யோசித்துப் பார்த்தேன். பங்குச் சனம் காட்சியைப் பார்க்க வரும். வந்ததும், எங்கே அந்தப் பெரிய காசு என்று கேட்கும். மரியதாஸ் முதல் ஆளாகக் கேட்பார். அப்போது பதில் இல்லாமல் நிற்கப்போவது நானோ முதலாளியோ அல்ல. இரக்கத்தில் சொன்ன பொய்யை அந்த மனுசிதான் தனியே சுமக்கவேண்டும்.

மனதை இறுக்கிக்கொண்டு அக்காவுக்கு முன்னால் போய் இருந்தேன். பிரெஞ்சில் என்ன சொல்லப்பட்டதோ அதையே தமிழில் சொன்னேன். உங்கள் கணவர் சேர்த்தது ஏறக்குறைய எல்லாம் உண்மை. ஒன்றை எங்களால் சொல்லமுடியவில்லை. நாலு கள்ளம். பெரியது கள்ளம்.

பெரியதைச் சொல்லும்போது அதை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன்.

அக்கா அழவில்லை. பெரிய காசைத் தூக்கி விளக்கடியில் பிடித்தார். எங்கே தெரியுது என்று கேட்டார். லென்ஸைக் கொடுத்து விளிம்பைக் காட்டினேன். தழும்பு நின்றுவிடும் இடத்தை அவரும் கண்டார். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். என்ன சொல்லுகினம், இதை என்ன செய்யட்டாம் என்று கேட்டார். வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவராது என்றேன்.

"இல்லைத் தங்கச்சி. இதையும் வைக்கச் சொல்லுங்கோ. கள்ளமெண்டு எழுதி வைக்கச் சொல்லுங்கோ."

நான் அவருடைய முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சொல்லுக்குச் சொல் பிரெஞ்சில் சொன்னேன். முதலாளி வேண்டாம் என்று தலையாட்டினார். காப்பாளர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையாகவே நிச்சயமா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்கு முன்பே அக்கா 'ஓம்' என்றார். அவர் கேள்வியின் தொனியிலேயே விளங்கிக்கொண்டிருக்கவேண்டும். காப்பாளர் அன்று மாலைக்குள் கொடுக்கவேண்டிய பட்டியலை என் மேசையிலேயே இருந்து எழுதினார்.

காட்சி திறந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து பங்குச் சனம் ஒரு கூட்டமாக வந்து இறங்கியது. நானும் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் காசுகள் வரிசையாக இருந்தன, மேலே சூசை அண்ணையின் பெயர் எழுதியிருந்தது. நினைத்தபடியே மரியதாஸ்தான் முதல் ஆளாகப் பெட்டிக்குக் கிட்டப் போனார். பெரிய காசைத் தேடினார், கண்டுபிடித்தார். அதன் கீழே இருந்த பிரெஞ்சு வரியை என்னவென்று மகளிடம் கேட்டார். மகளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும், தமிழைவிடப் பிரெஞ்சுதான் ஓடும். போலி எண்டு போட்டிருக்கு அப்பா என்றாள்.

மரியதாஸ் எல்லாருக்கும் கேட்க அக்கா பக்கம் திரும்பினார். "பாத்தியளே மச்சாள். நான் அப்பவே சொன்னனான், கள்ளக்காசெண்டு. இப்ப இவையே எழுதிப்போட்டினம்."

சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். நான் ஓரடி முன்னால் எடுத்து வைத்தேன், ஆனால் என் உதவி தேவைப்படவில்லை. பிலோமினா அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஓம் மரியதாஸ். நான்தான் எழுதச் சொன்னனான். கள்ளத்தைக் கள்ளமெண்டு எழுதினவை, மற்றதுக்குக் கீழ உண்மையெண்டும் எழுதியிருக்கினம்." பிறகு அந்தச் சிறுமியின் தோளில் கைவைத்தார். "பிள்ளை, மிச்சத்தையும் கொப்பருக்கு வாசி. சத்தமா வாசி."

அவள் தகப்பனை ஒருமுறை பார்த்தாள். பிறகு கண்ணாடியோடு ஒட்டி நின்று, எல்லாவற்றுக்கும் மேலே எழுதியிருந்த தன் பெரியப்பாவின் பெயரிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.